வாகனப் புகையும் சராசரிக் கணக்கும்

மாலை ஆறு மணி. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் வாகனங்கள் நகர முடியாமல் நிற்கின்றன. பூக்கடைக்கு முன்னால் ஒரு சிறிய மைவி. அதன் பின்னால் குடும்பத்தோடு ஓர் ஏழு இருக்கை வாகனம். அதற்கும் பின்னால் உயரமும் பருமனுமாக ஒரு நான்கு சக்கர இயக்க வாகனம். இடைவெளிகளில் நுழைந்து செல்லும் மோட்டார் சைக்கிள்கள். மின்சார வாகனங்கள் சிலவற்றைத் தவிர மற்ற அனைத்தின் பின்புறத்திலும் புகைபோக்கி உண்டு. ஆனால், அவை வெளியிடும் புகையின் அளவு ஒன்றல்ல.

அச்சாலையோரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவர் எந்த வாகனத்தின் புகையைச் சுவாசிக்கிறார்? மைவியின் புகையையா, பெரிய வாகனத்தின் புகையையா? நுரையீரல் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாப் புகையும் ஒன்றாகக் கலந்த காற்றே உள்ளே செல்கிறது. ஆகவேதான், உலகில் பல அரசாங்கங்கள் ஒவ்வொரு வாகனத்தையும் தனித்தனியாகச் சோதிப்பதோடு நின்றுவிடவில்லை. ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்ற வாகனங்கள் அனைத்தும் சேர்ந்து சராசரியாக எவ்வளவு புகை விடுகின்றன என்றும் கணக்கிடுகின்றன. கேட்பதற்கு எளிய கணக்காகத் தோன்றும் இது, நுணுகிப் பார்த்தால் அவ்வளவு எளிதானதன்று.

கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றுத் தூய்மைக்கேடு என்றதும் பலருக்குப் புகைமூட்டமே நினைவுக்கு வரும். 2005 ஆகஸ்டு மாதம் சுமத்திராவில் எரிந்த காட்டுத் தீயால் எழுந்த புகை, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை 500க்கு மேல் உயர்த்தியது. 300ஐத் தாண்டினாலே அபாய நிலை எனக் கருதப்படும். எனவே, அவ்விரு பகுதிகளிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அந்த நாள்களை அனுபவித்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஆயினும், புகைமூட்டம் என்பது காற்று திசை மாறினால் கிளம்பிவிடும் விருந்தாளி. வாகனப் புகையோ வீட்டோடு தங்கிவிட்டது. மலேசியாவில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் எண்ணிக்கை நாட்டின் மக்கள்தொகையையே விஞ்சிவிட்டது.

வாகனப் புகையில் இரு வகைப் பொருள்கள் உள்ளன. முதலாவது கரியமிலவாயு. இது புவி வெப்பத்தை உயர்த்துவது. எரியும் எரிபொருளின் அளவோடு நேராகத் தொடர்புடையது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோகிராமுக்குச் சற்று அதிகமான கரியமிலவாயு உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோகிராம்தானே, அதிலிருந்து இவ்வளவு எப்படி வரும் என்று கேட்கத் தோன்றும். பெட்ரோலில் உள்ள கரிமம், எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்ததே. ஆதலால், ஒரு வாகனம் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது எனத் தெரிந்தால், அது வெளியிடும் கரியமிலவாயுவின் அளவும் தெரிந்துவிடும்.

இரண்டாவது வகை நச்சுப் பொருள்கள்: கார்பன் மோனாக்சைடு, எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்துகள்கள். மூச்சிரைப்பு நோய் உள்ளவர்களை வாட்டுவன இவையே. இவற்றின் அளவு எரிபொருளின் அளவை மட்டும் பொறுத்ததன்று. எஞ்சின் எப்படி எரிக்கிறது, புகைக்குழாயில் பொருத்திய தூய்மிப்புக் கருவி எப்படி வேலை செய்கிறது, எரிபொருளில் கந்தகம் எவ்வளவு என்பனவும் கணக்கில் வரும். மலேசியாவில் 2020 ஜனவரி முதல் ரோன் 95 பெட்ரோல் யூரோ 4எம் தரத்திற்கு மாறியது. அதற்கு முன் 10 இலட்சம் பங்கில் 500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகத்தின் அளவு 50 பங்காகக் குறைந்தது. கந்தகம் மிகுந்தால் தூய்மிப்புக் கருவி நன்றாக வேலை செய்யாது. நல்ல அரிசி இருந்தும் உப்பு நீரில் உலை வைத்தால் சோறு எப்படியிருக்கும்? அதுபோலத்தான் இதுவும்.

சராசரியைக் காண முதலில் ஒவ்வொரு வகை வாகனத்திற்கும் ஓர் எண் வேண்டும். அந்த எண் ஆய்வுக்கூடத்தில் பிறக்கிறது. அங்கே மகிழுந்து ஓடும். ஆனால், இடத்தைவிட்டு நகராது. அதன் சக்கரங்கள் தரையில் பதித்த பெரிய உருளைகளின்மீது சுழலும். காற்றின் தடையையும் வாகனத்தின் எடையையும் ஈடுசெய்யும் அளவுக்கு அந்த உருளைகள் எதிர்விசை கொடுக்கும். ஓட்டுநர் தமக்கு முன்னுள்ள திரையில் ஓடும் கோட்டைப் பார்த்தபடி, அதில் காட்டிய வேகத்திலேயே ஓட்டவேண்டும். எப்போது நிற்கவேண்டும், எப்போது வேகமெடுக்கவேண்டும் என்பதெல்லாம் நொடிக்கு நொடி வரையறுக்கப்பட்டிருக்கும். ஐரோப்பாவின் பழைய சோதனை 1,180 நொடிகள் நீடித்தது. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தூரம். பின்னர் வந்த உலகப் பொதுச் சோதனை 1,800 நொடிகள், ஏறத்தாழ 23 கிலோமீட்டர். புகைக்குழாயிலிருந்து வருவது தூய காற்றோடு கலந்து பைகளில் சேகரிக்கப்படும். ஒவ்வொரு வாயுவின் நிறையும் அளக்கப்பட்டு, ஓடிய தூரத்தால் வகுக்கப்படும். ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எண் கிடைத்துவிடும்.

விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மகிழுந்தையும் இப்படிச் சோதிக்க முடியாது. ஒவ்வொரு வகையிலும் மாதிரி வாகனத்தைச் சோதித்து, அந்த வகை முழுவதற்கும் அந்த எண்ணையே கொள்வது வழக்கம்.

இனி, சராசரிக்கு வருவோம். ஒரு கற்பனை நிறுவனம் மூன்று வகை மகிழுந்துகளை விற்பதாக வைத்துக்கொள்வோம். சிறிய மகிழுந்து கிலோமீட்டருக்கு 100 கிராம் கரியமிலவாயுவை வெளியிடுகிறது. நடுத்தர மகிழுந்து 130 கிராம். பெரிய வாகனம் 210 கிராம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ 147 வரும். பலரும் இதுவே சராசரி என்று நினைப்பார்கள். அது தவறு. சாலைக்கு வந்தவை மூன்று வாகனங்கள் அல்ல, ஆயிரக்கணக்கான வாகனங்கள்.

அந்நிறுவனம் ஓராண்டில் சிறியவற்றில் 6,000, நடுத்தரத்தில் 3,000, பெரியவற்றில் 1,000 என மொத்தம் 10,000 வாகனங்களை விற்றது. ஒவ்வொரு வகையின் கிராம் அளவையும் அதன் விற்பனை எண்ணிக்கையால் பெருக்கவேண்டும்: 6,00,000, 3,90,000, 2,10,000. கூட்டினால் 12,00,000. இதனை 10,000ஆல் வகுத்தால் கிடைப்பது 120 கிராம். இதுவே விற்பனையை நிறையாகக் கொண்ட சராசரி. ஒழுங்குமுறை அமைப்புகள் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

அடுத்த ஆண்டு மக்களின் விருப்பம் மாறுகிறது. எல்லாரும் உயரமான பெரிய வாகனத்தைத் தேடுகிறார்கள். சிறியவை 3,000, நடுத்தரம் 3,000, பெரியவை 4,000 என விற்கின்றன. இப்போது சராசரி 153 கிராம். எந்த எஞ்சினும் மாறவில்லை. எந்தத் திருகாணியும் கழலவில்லை. இருப்பினும், சராசரி 33 கிராம் ஏறிவிட்டது. தொழிற்சாலையில் பொறியாளர்கள் ஐந்தாண்டு உழைத்துக் குறைத்ததை, காட்சியறையில் வாடிக்கையாளர்கள் ஓராண்டில் கூட்டிவிட முடியும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இங்கே இன்னொரு கணக்குப் பொறியும் உண்டு. எரிபொருள் சிக்கனத்தை ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் எனச் சொல்வது நம் வழக்கம். ஒரு மகிழுந்து லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடுகிறது. மற்றொன்று 30 கிலோமீட்டர் ஓடுகிறது. சராசரி 20 என்று சொல்லிவிடலாமா? இரண்டையும் 300 கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்போம். முதல் மகிழுந்துக்கு 30 லிட்டர் வேண்டும். இரண்டாவதற்கு 10 லிட்டர். ஆக, 600 கிலோமீட்டருக்கு 40 லிட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர்தான்! இருபதுக்கும் பதினைந்துக்கும் இடையிலுள்ள ஐந்து கிலோமீட்டர் வெறும் கணக்குப் பிழையால் வந்தது. சரியான விடையைத் தரும் முறைக்குக் கணிதத்தில் இசைச் சராசரி என்று பெயர்.

நிறுவனச் சராசரி என்னும் முறையை முதலில் பெரிய அளவில் சட்டமாக்கிய அமெரிக்கா இந்த இசைச் சராசரியையே பயன்படுத்துகிறது. 1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையைத் தடை செய்தபோது அங்கே பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் உருவாயின. 1975இல் சட்டம் வந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் மகிழுந்துகளும் 1978இல் சராசரியாகக் காலனுக்கு 18 மைல், 1985இல் 27.5 மைல் ஓடவேண்டும் என்பது இலக்கு. அப்போது அவர்களின் கவலை எண்ணெய்த் தட்டுப்பாடு, புகையன்று.

அதே சராசரி முறை பின்னர் நச்சுப் புகைக்கும் வந்தது. 2004 முதல் படிப்படியாக நடப்புக்கு வந்த அமெரிக்க விதி, நைட்ரஜன் ஆக்சைடு அளவைக் கொண்டு வாகனங்களைப் பல படிகளாகப் பிரித்தது. கடைசிப் படியில் உள்ள வாகனம் மைலுக்கு 0.20 கிராம் வரை வெளியிட அவ்விதி அனுமதித்தது. தூய்மையான படி ஒன்றில் 0.02 கிராம், எல்லாவற்றுக்கும் மேற்படியில் சுழியம். ஆனால், நிறுவனத்தின் மொத்தச் சராசரி 0.07 கிராமைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. அதாவது, அதிகப் புகைவிடும் வாகனத்தை விற்க நிறுவனத்திற்கு உரிமை உண்டு. அதற்கு ஈடாகத் தூய வாகனங்களையும் விற்றாகவேண்டும். 0.20 கிராம் வாகனங்கள் ஐந்தை விற்றால், 0.02 கிராம் வாகனங்கள் பதின்மூன்றை விற்றால்தான் கணக்கு நேராகும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? எல்லா வாகனங்களுக்கும் ஒரே உச்சவரம்பை விதித்தால் போதாதா? உச்சவரம்பும் தேவைதான். ஐரோப்பாவின் யூரோ தரங்கள் அத்தகையவை. யூரோ 4 தரத்தின்படி எந்தப் பெட்ரோல் மகிழுந்தும் கிலோமீட்டருக்கு 0.08 கிராமுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடை வெளியிடக்கூடாது. ஆனால், உச்சவரம்பு மட்டும் இருந்தால், அதைத் தொட்டவுடன் நிறுவனங்கள் முயற்சியை நிறுத்திவிடலாம். தேர்ச்சிப் புள்ளி 40 என்றால் 40 எடுத்ததும் புத்தகத்தை மூடிவிடும் மாணவரைப் போல. சராசரி விதியோ, தூய வாகனம் ஒன்றை விற்பதற்குப் பயன் ஏதேனும் கிடைக்கும்படி செய்கிறது.

தமிழ்நாட்டில் சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் மகிழுந்துத் தொழிற்சாலைகள் வரிசையாக உள்ளன. அங்கிருந்து வெளிவரும் மகிழுந்துகளுக்கும் இப்போது சராசரிக் கணக்கு உண்டு. இந்தியா 2015இல் அறிவித்த நிறுவனச் சராசரி எரிபொருள் விதி 2017 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. முதற்கட்ட இலக்கு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 130 கிராம் கரியமிலவாயு. 2022இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் அது 113 கிராம்.

இந்த 113 எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல என்பதே கவனிக்கவேண்டிய செய்தி. நிறுவனம் விற்கும் மகிழுந்துகளின் சராசரி எடையைப் பொறுத்து இலக்கு மாறும். சராசரி எடை 1,145 கிலோகிராம் என்றால், 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4.77 லிட்டர். அதற்குமேல் ஒவ்வொரு 100 கிலோகிராமுக்கும் 0.2 லிட்டர் சலுகை. குறைந்தால் அதே அளவு கெடுபிடி. சராசரி எடை 945 கிலோகிராம் கொண்ட நிறுவனம் 4.37 லிட்டருக்குள் நிற்கவேண்டும். 1,345 கிலோகிராம் கொண்ட நிறுவனம் 5.17 லிட்டர் வரை போகலாம். பின்னது முன்னதைவிட 0.8 லிட்டர் அதிகம் எரித்தாலும் இரண்டுமே தேர்ச்சி பெறும்.

இது நியாயமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எடையைப் பார்க்காமல் ஒரே எண்ணை வைத்தால், சிறிய மகிழுந்து மட்டும் செய்யும் நிறுவனம் ஒரு முயற்சியும் இன்றித் தேறிவிடும். குடும்ப வாகனம் செய்யும் நிறுவனம் எவ்வளவு முயன்றாலும் தோற்றுவிடும் என்பர் ஒரு சாரார். எடைக்குச் சலுகை கொடுத்தால் வாகனங்கள் பருத்துக்கொண்டே போகும் என்பர் மறு சாரார். இரண்டாம் வாதத்தில் உண்மை இருப்பதை இந்திய விதியிலேயே காணலாம். முதற்கட்டத்தில் அடிப்படை எடை 1,037 கிலோகிராமாக இருந்தது. இரண்டாம் கட்டத்துக்குள் மகிழுந்துகள் கனத்துவிடும் என்று எதிர்பார்த்தே அது 1,145 ஆக்கப்பட்டது. அமெரிக்கா இச்சிக்கலைத் தவிர்க்க எடையை விட்டுவிட்டு, நான்கு சக்கரங்களுக்கும் இடையே அடங்கும் பரப்பைக் கணக்கில் கொள்கிறது.

இலக்கைத் தவறவிட்டால் தண்டனை உண்டு. இந்தியாவில் 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, சராசரி 0.2 லிட்டர் வரை மீறினால் விற்ற ஒவ்வொரு வாகனத்துக்கும் 25,000 ரூபாய். அதற்குமேல் மீறினால் 50,000 ரூபாய். ஐரோப்பாவில் மீறிய ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு மகிழுந்துக்கும் 95 யூரோ. ஒரு நிறுவனம் 1,00,000 மகிழுந்துகளை விற்று 3 கிராம் மீறியிருந்தால், அபராதம் 2 கோடியே 85 இலட்சம் யூரோ. இரண்டு மூன்று கிராமுக்காகப் பொறியாளர்கள் தூக்கம் இழப்பது ஏன் என்பது இப்போது விளங்கும்.

மலேசியாவில் நடைமுறை வேறு. 2014ஆம் ஆண்டின் தேசிய வாகனக் கொள்கை, எரிசக்திச் சிக்கன வாகனம் என்ற தகுதியை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் அறிமுகமான பெரோடுவா ஆக்சியா அத்தகுதியோடு வெளிவந்தது. இங்கு வாகனங்கள் எடை வாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எரிபொருள் வரம்பு வைக்கப்பட்டது. 801 முதல் 1,000 கிலோகிராம் வரையிலான மகிழுந்து 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர். 1,001 முதல் 1,250 வரை 6 லிட்டர். இந்திய விதி சாய்தளம் என்றால், இது படிக்கட்டு. படிக்கட்டின் விளிம்பில் ஒரு கிலோகிராம் கூடினால் ஒரு லிட்டர் சலுகை கிடைத்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய வேறுபாடு இன்னொன்று. மலேசியத் தகுதி ஒவ்வொரு வகை வாகனத்துக்கும் தனித்தனியாக வழங்கப்படுவது. தகுதி பெறும் வாகனங்களுக்குச் சலுகைகள் கிடைக்க வழியுண்டு. ஆனால், அதே நிறுவனம் அவ்வாண்டு விற்ற மற்ற வாகனங்களையும் சேர்த்துச் சராசரி பார்க்கும் ஏற்பாடு அத்தகுதியில் இல்லை. முன்னே கண்ட கற்பனை நிறுவனத்தின் சராசரி 120லிருந்து 153க்கு ஏறினாலும், அதன் சிறிய மகிழுந்தின் தகுதிக்கு ஒரு குறையும் வராது. நாடு முழுவதற்கும் சராசரியைப் பார்க்கும் எண்ணம் ஆசியான் அளவில் எழுந்துள்ளது. 2018 முதல் 2025 வரையிலான ஆசியான் எரிபொருள் சிக்கனத் திட்டம், உறுப்பு நாடுகளில் விற்கும் புதிய இலகு வாகனங்களின் சராசரியை 100 கிலோமீட்டருக்கு 5.3 லிட்டராகக் குறைக்கவேண்டும் என்ற இலக்கை முன்வைத்தது. அது வழிகாட்டும் இலக்கு. அபராதம் விதிக்கும் சட்டமன்று.

சராசரி விதி உள்ள நாடுகளிலும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. மின்சார வாகனங்களை ஊக்குவிக்க, பல நாடுகள் அவற்றுக்குச் சிறப்புப் பெருக்கம் அளிக்கின்றன. இந்திய விதியில் ஒரு மின்சார மகிழுந்து மூன்றாக எண்ணப்படும். இதன் விளைவை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். 130 கிராம் வெளியிடும் ஒன்பது பெட்ரோல் மகிழுந்துகளோடு ஒரு மின்சார மகிழுந்தையும் ஒரு நிறுவனம் விற்கிறது. மின்சார மகிழுந்துக்குப் புகைபோக்கியே இல்லாததால் அதன் அளவைச் சுழியம் எனக் கொள்வோம். உண்மையான சராசரி 117 கிராம். ஆனால், மின்சார மகிழுந்தை மூன்றாக எண்ணினால் வாகனங்கள் பத்தல்ல, பன்னிரண்டு. சராசரி 97.5 ஆகிவிடுகிறது. இலக்கு 113 என்றால், தோற்கவேண்டிய நிறுவனம் தாளில் சிறப்பாகத் தேறுகிறது. காற்றில் கலந்ததோ 117தான்.

ஐரோப்பாவில் இரண்டு நிறுவனங்கள் கைகோத்து ஒரே சராசரியாகக் கணக்குக் காட்டவும் அனுமதி உண்டு. 2019இல் பியட் கிறைஸ்லர் நிறுவனம், மின்சார மகிழுந்து மட்டும் விற்கும் தெஸ்லாவுக்குப் பணம் கொடுத்து இப்படிச் சேர்ந்துகொண்டது. சட்டப்படி இதில் தவறில்லை. தெஸ்லாவுக்குக் கிடைத்த பணம் மின்சார வாகனத் தொழிலுக்கு உதவும் என்று சொல்வோரும் உண்டு.

சலுகைகள் வேறு, ஏமாற்று வேறு. சராசரி எவ்வளவு நுட்பமாகக் கணக்கிடப்பட்டாலும், ஆய்வுக்கூடத்தில் பிறந்த முதல் எண் பொய்யாக இருந்தால் எல்லாமே பொய்யாகிவிடும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக் குழு இருந்தது. அரவிந்த் திருவேங்கடம் என்ற ஆய்வாளரும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தார். அவர்கள் 2013இல் கலிபோர்னியாவில் மூன்று டீசல் மகிழுந்துகளை எடுத்துக்கொண்டு, புகை அளக்கும் கருவிகளை வாகனத்திலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டிப் பார்த்தனர். எவரையும் பிடிக்கவேண்டும் என்பது அவர்களின் நோக்கமன்று. ஆய்வுக்கூட எண்ணும் சாலை எண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அறியவே முனைந்தனர்.

மூன்றில் ஒன்று நன்றாகவே தேறியது. மற்ற இரண்டும் வோல்க்ஸ்வேகன் நிறுவனத்தின் மகிழுந்துகள். அவற்றுள் ஜெட்டா, அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடைச் சாலையில் வெளியிட்டது. பசாட் 5 முதல் 20 மடங்கு. ஆய்வாளர்கள் முதலில் தங்கள் கருவிகளையே சந்தேகித்தார்கள். ஆனால், கருவிகளில் பிழையில்லை. உருளைகளின்மீது சோதனை நடப்பதை அந்த மகிழுந்துகளின் கணினி நிரல் கண்டுகொள்ளும். சோதனையின்போது மட்டும் தூய்மிப்புக் கருவியை முழுமையாக இயக்கும். சாலைக்கு வந்ததும் தளர்த்திவிடும். தேர்வறையில் மட்டும் நல்லபிள்ளையாக இருக்கும் மாணவனின் கதைதான். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவாண்மை இதனை வெளிப்படையாக அறிவித்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் அந்த நிரல் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதன்பின் 2017 முதல் ஐரோப்பாவில் ஆய்வுக்கூடச் சோதனையோடு சாலைச் சோதனையும் கட்டாயமாயிற்று.

இவ்வளவும் புதிய மகிழுந்துகளின் கணக்கு. விற்ற நாளோடு நிறுவனச் சராசரி முடிந்துவிடுகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடித் தேய்ந்த எஞ்சினும் பழுதான தூய்மிப்புக் கருவியும் அதில் வருவதில்லை. மலேசியாவில் வணிக வாகனங்களே ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஆய்வு மையத்திற்குச் செல்கின்றன. சொந்த மகிழுந்துகளுக்கு அத்தகைய ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை.

கிள்ளான் மாணவர்களுக்கு இன்னொன்று கண்முன்னே தெரியும். துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலையை நோக்கி இரவு பகலாகச் செல்லும் கனரக லோரிகள். மேலே கண்ட இந்திய விதி 3,500 கிலோகிராமுக்கு உட்பட்ட பயணிகள் வாகனங்களுக்கே பொருந்தும். லோரிகள் அதற்கு வெளியே நிற்கின்றன. மலேசியாவில் டீசல் வாகனங்களுக்கு 1996ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. அதிகாரிகள் சாலையோரத்தில் லோரியை நிறுத்தி, புகைக்குழாயில் கருவியைச் செருகி, ஓட்டுநரை எஞ்சினை முடுக்கச் சொல்வார்கள். புகையின் அடர்த்தி 50 அலகைத் தாண்டினால் அது குற்றம். அங்கே சராசரி இல்லை. சிறிய வண்டி பெரிய வண்டிக்கு ஈடு கொடுப்பதும் இல்லை. அந்த ஒரு லோரி, அந்த ஒரு நிமிடம், அந்த ஒரு குழாயிலிருந்து வரும் புகை மட்டுமே அளக்கப்படுகிறது.